வைக்கோலில் மூன்று வாரம்

நொயன்டைக், 9 அக்டோபர் 1961

ஹார்முக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். முகவரி சரிதானா என்றுகூடத் தெரியாது. நீ கப்பல் வேலையை விட்டுவிட்டு ஸ்வீடனில், கோதன்பர்க் மாலுமிகள் விடுதியில் சமைக்கிறாய் என்று யாரோ நம் பாதிரியாரிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார். கூடப்பிறந்தவன் எங்கே இருக்கிறான் என்பதை ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போகட்டும்.

அப்பாவுக்கு உணவுக்குழாயில் கட்டி. கோடையிலேயே ரொட்டி இறங்காமல் திணறியிருக்கிறார். என்னிடம் மூச்சுவிடாமல் மேசைக்கடியில் நாய்க்குப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார். நாய் கொழுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அறுப்பதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் வரை தாங்குவாராம். சாப்பிட்டால்.

அவர் சாப்பிடுவதில்லை. கஞ்சி வேண்டாம், சூப் வேண்டாம், பால் வேண்டாம். வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அம்மா செய்யும் ஆப்பிள் மசியல். கடையிலிருந்து ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். துப்பிவிட்டார். நானே செய்து தருகிறேன் என்றதற்கு, "உனக்கு எப்படித் தெரியும்? நீ ஏணி மேலயே வளர்ந்தவ. அந்த அடுப்பூதிப் பயலக் கேளு" என்றார். அம்மா போன பிறகு இந்த நான்கு வருடத்தில் அவர் உன்னைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

அவர் சொன்னது உண்மைதான். நான் அவரோடு தோப்பில் நின்றேன், நீ உடைந்த இடுப்போடு அம்மாவின் அடுப்படியில் நின்றாய். நிலவறையில் ஜாடிகள் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கும், உருளைக்கிழங்கு அடைக்குத் தொட்டுக்கொண்டு தின்பேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா எதையும் எழுதிவைக்கவில்லை. நானும் கேட்டதில்லை.

இன்று போஸ்கோப் பறிக்கத் தொடங்கிவிட்டோம். அம்மா அந்த ஆப்பிளில்தான் செய்வாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எப்படிச் செய்வாள் என்று ஒன்று விடாமல் எழுது. என்மேல் உனக்கு இருக்கும் கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மெட்டா


கோதன்பர்க், 14 அக்டோபர் 1961

மெட்டா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் ஐந்தே நாளில் கிடைத்தது. தபால் எவ்வளவு வேகம் பாருங்கள். அம்மா இறந்த செய்தி எனக்கு வால்பரைசோ துறைமுகத்தில் வந்து சேர்ந்தது. அப்போது அவள் மண்ணுக்குள் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. பிறகு தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் படுக்கையில் விழுந்த வாரம் என் கப்பல் ராட்டர்டாமில் சரக்கு ஏற்றிக்கொண்டு நின்றது. ஒரு நாள் ரயில் பயணம். கப்பல் ஆபீசுக்கு ஒரே ஒரு தந்தி போதுமாயிருந்தது. கொடுக்கக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டிருப்பார், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். அவர் ஏறு என்றால் ஏறி, இறங்கு என்றால் இறங்கிப் பழகியவர் அல்லவா தாங்கள்.

அடுப்பூதி என்ற பட்டத்தை அவர் மறக்கவில்லை என்பதில் சந்தோஷம். பதினோரு வயதில் அவருடைய ஏணியிலிருந்துதான் விழுந்தேன். அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிற வியாபாரிகளிடமெல்லாம் "எனக்கு ரெண்டும் பொண்ணுதான்" என்று சொல்லிச் சிரிப்பார். நான் அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருப்பேன்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஆப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும், தோல் சீவக் கூடாது. நாலாக நறுக்கி, விதைக்கூட்டோடு அப்படியே பெரிய பாத்திரத்தில் போட வேண்டும். தோலிலும் விதைக்கூட்டிலும்தான் கெட்டிப்படுத்தும் சத்து இருக்கிறது. ஒரு கோப்பைத் தண்ணீருக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடி போட்டுச் சின்னத் தீயில் வைத்தால் தானாகக் குழைந்து உட்காரும். அப்புறம் சல்லடையில் போட்டு மரக்கட்டையால் தேய்த்து இறக்கி, இன்னொரு கொதி விட வேண்டும். சர்க்கரை ஒரு பொட்டுகூடக் கூடாது. சூடான ஜாடிகளில் நிரப்பி, வேகவைத்த ரப்பர் வளையத்தை வைத்து, கண்ணாடி மூடியைப் பொருத்திக் கிளிப் மாட்டி, அரை மணி நேரம் வெந்நீரில் நிறுத்துங்கள். மறுநாள் கிளிப்பைக் கழற்றிவிட்டு, மூடியை மட்டும் பிடித்து ஜாடியைத் தூக்கிப் பாருங்கள். கையோடு வந்தால் ஒரு வருடம் தாங்கும். மூடி கழன்று வந்தால் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

அவ்வளவுதான். இதற்குமேல் ஒன்றுமில்லை.

ஹார்ம்


நொயன்டைக், 20 அக்டோபர் 1961

ஹார்ம்,

'தாங்கள்' எல்லாம் எதற்கு? உனக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் நான். ஆனால் வைதுகொண்டேயாவது எழுதினாயே, அது போதும்.

நாற்பத்திரண்டு ஜாடி செய்தேன். தோட்டத்துக் கை, சல்லடை தேய்க்கத் தெரியாமல் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கீழே விழுந்த பழத்தை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. நானே மேல்கிளையில் ஏறிப் பறித்து, அடிபடாத பழமாகப் பார்த்து எடுத்து, பறித்த கையோடு அடுப்பில் ஏற்றினேன். ஒரு பழம்கூட ராத்தங்கவில்லை. மீதிப் பழமெல்லாம் பதினெட்டாம் தேதியே லாரியில் ஹாம்பர்க் ஏலத்துக்குப் போய்விட்டது. மறுநாள் கிளிப்பைக் கழற்றி ஒவ்வொன்றாக மூடியைப் பிடித்துத் தூக்கினேன். நாற்பத்திரண்டும் கையோடு வந்தன. அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன் என்றால் நம்புவாயா?

அப்பாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். ஒரு ஸ்பூன் வாங்கினார். முகம் சுருங்கியது. "புளிக்குது. அவ செஞ்சதுல சக்கரையே இல்லாம இனிப்பு இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் அவருக்குத் தெரியாமல் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். நாக்கில் பட்டதுமே கண்டுபிடித்துவிட்டார்.

நீ சொன்னதில் ஒன்றையும் நான் மாற்றவில்லை. எதையாவது எழுத விட்டுவிட்டாயா? இலவங்கப்பட்டையா, எலுமிச்சையா, வேறு ஜாதி ஆப்பிள் ஏதாவது கலப்பாளா? யோசித்துப் பார். அவர் நாலு நாளாகத் தண்ணீரும் காப்பியும்தான் குடிக்கிறார். அதிலும் பாதி திரும்பி வருகிறது.

மெட்டா


கோதன்பர்க், 25 அக்டோபர் 1961

மெட்டா அவர்களுக்கு,

நான் எழுதியதில் தவறு எதுவும் இல்லை. இலவங்கப்பட்டை இல்லை, எலுமிச்சை இல்லை, வேறு ஆப்பிளும் இல்லை. சீக்கு வந்த நாக்குக்கு எல்லாமே புளிக்கும். இங்கே விடுதியில் காய்ச்சலில் படுத்தவர்களுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

அவர் பிடிவாதக்காரர். நான் சமையல்காரனாகக் கப்பலேறப் போகிறேன் என்று சொன்ன அன்று மூன்று நாள் என்னோடு ஒரே மேசையில் உட்கார மறுத்தவர். சாப்பாட்டைத் தள்ளிவைப்பது அவருக்குப் புதிதில்லை.

எத்தனை கிலோ இருக்கிறார்? யார் வந்து பார்க்கிறார்கள்?

என்னைப் பற்றி அதற்கப்புறம் ஏதாவது கேட்டாரா? கேட்டால் எழுதுங்கள். கேட்காவிட்டால் எழுத வேண்டாம்.

ஹார்ம்


நொயன்டைக், 30 அக்டோபர் 1961

ஹார்ம்,

நாற்பத்தெட்டு கிலோ. பழக்கூடையை இரண்டு தோளிலும் சுமந்துகொண்டு வாய்க்கால் பலகையில் நடந்த மனிதரை நேற்று நான் ஒருத்தியாகத் தூக்கிப் படுக்கை மாற்றினேன். வாரத்துக்கு இரண்டு முறை நர்ஸ் வருகிறாள். குழாய் போட்டு ஊட்டலாம் என்றாள். அவளைக் கையை நீட்டி வெளியே போகச் சொல்லிவிட்டார்.

உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதை உன்னிடம் சொல்லாமல் இனி ஒரு நாள்கூட என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது போலிருக்கிறது. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

தந்தி கொடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லவே இல்லை. அம்மா படுத்த இரண்டாம் நாளே கப்பல் ஆபீசின் விலாசத்தை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்து, "அவனுக்குத் தந்தி கொடு. அவ அவனத்தான் தேடுறா" என்றார். நான் அதை ஏப்ரனில் செருகிக்கொண்டு தபால் ஆபீஸ் வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை.

ஏன் என்று கேட்பாய். அம்மாவுக்கு மலஜலம் எடுத்தது நான், குளிப்பாட்டியது நான், ராப்பகலாக உட்கார்ந்திருந்தது நான். கண்ணைத் திறந்தால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "ஹார்ம் எங்க?" என்பாள். ஒரு தடவை இல்லை, நூறு தடவை. அவளுடைய கடைசி மூன்று நாளாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ வந்து வாசலில் நின்றால் நான் மறுபடி தோட்டத்து ஆள் ஆகிவிடுவேன். திரும்பி வந்து, தந்தி கொடுத்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அடக்கத்துக்கு அப்புறம் உனக்குச் சாதாரணக் கடிதம் போட்டேன்.

அவர் இன்றுவரை நீ தந்தி கிடைத்தும் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் உன் பெயரை எடுப்பதில்லை. வெறுப்பதானால் என்னை வெறு. அவருக்கு இதில் பங்கில்லை.

மெட்டா


கோதன்பர்க், 31 அக்டோபர் 1961

அக்கா,

உன் பதிலுக்காகக் காத்திருக்காமல் எழுதுகிறேன். இரண்டு நாளாக அடுப்பில் வைத்ததெல்லாம் அடிப்பிடிக்கிறது.

நான் எழுதியதில் தவறு இல்லை என்றேன். எழுதாமல் விட்டதைச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

போஸ்கோப்பைப் பறித்தவுடன் சமைக்கவே கூடாது. அம்மா அதைப் பரணில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று படாமல் மூன்று வாரம் கிடத்திவைப்பாள். தோல் எண்ணெய் தடவியதுபோல் ஆகி, லேசாகச் சுருங்க வேண்டும். புளிப்பு அதில்தான் அடங்கும், இனிப்பு அதில்தான் ஏறும். தினமும் நான்தான் ஏறி ஒவ்வொன்றையும் திருப்பிவைத்துவிட்டு வருவேன். நொண்டிக்காலோடு அந்த ஏணியில் மட்டும் எனக்குப் பயம் வந்ததில்லை. உனக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. பறித்த அன்றே லாரியில் ஏற்றிப் பழகிய உனக்கு, நல்ல பழம் என்றால் அன்று பறித்த பழம்தான்.

நீ புளிக்கிறது என்று எழுதுவாய் என எனக்குத் தெரியும். எழுத வேண்டும் என்றுதான் விட்டேன். மசியல் சரியாக வராது, மறுபடி என்னிடம் வருவீர்கள், "ஹார்மையே கூப்பிடு" என்று அவர் வாயால் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வந்து அந்த அடுப்பில் நின்று, அவர் பார்க்கப் பார்க்கச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. முப்பத்துநாலு வயதில் இப்படி ஒரு ஆசை.

எல்லாப் பழத்தையும் சமைத்துவிட்டேன், மீதி ஹாம்பர்க் போய்விட்டது என்று நீ எழுதியதைப் படித்தபோதே உனக்கு உண்மையை எழுதியிருக்க வேண்டும். அப்படியும் இருபத்தைந்தாம் தேதி அந்தக் கடிதத்தை எழுதினேன். என்ன மனிதன் நான்.

யாராவது தங்கள் வீட்டுக்கென்று பரணில் கிடத்திவைத்திருப்பார்கள். விசாரித்துப் பார். அவருக்கு அதில் செய்து கொடு.

உன் தம்பி
ஹார்ம்


தந்தி
நொயன்டைக், 6 நவம்பர் 1961

அப்பா உன்னைக் கூப்பிடுகிறார். உடனே புறப்படு. மெட்டா


கோதன்பர்க், 8 நவம்பர் 1961

அக்கா,

உன் முப்பதாம் தேதிக் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. தந்தி திங்கட்கிழமை சாயங்காலம் வந்தது. இரண்டும் தலைகீழாக வந்திருந்தால் நான் இப்போது உன் எதிரில் இருந்திருப்பேன்.

செவ்வாய் காலை ரயிலேறினேன். ஹெல்சிங்போரில் இறங்கி, டென்மார்க்குக்குப் படகு ஏறும் துறைக்கு டிக்கெட்டோடு போனேன். படகு வந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. தந்தியை எடுத்து எடுத்துப் படித்தேன். அப்பா கூப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறாய். நான்கு வருடம் முன்னால் தந்தி கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னதும் இதே நீதான். உண்மையிலேயே அவர் கூப்பிட்டாரா, அல்லது உன் மனச்சுமையை இறக்கிவைக்க நீயாகக் கூப்பிடுகிறாயா என்று எனக்கு எப்படித் தெரியும்? போய் நின்று, அவர் என்னைப் பார்த்து மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால்? அதை இன்னொரு தடவை தாங்க என்னிடம் தெம்பில்லை. சாயங்கால ரயிலில் திரும்பி வந்துவிட்டேன்.

உன்மேல் கோபம் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. நீ மூன்று நாளைப் பிடித்துவைத்துக்கொண்டாய், நான் மூன்று வாரத்தை. இதில் யார் யாரைக் கேட்பது?

அவர் கூப்பிட்டது நிஜமானால், என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று அவருடைய வார்த்தையிலேயே எழுது. அந்தக் கடிதம் வந்த அன்றே புறப்படுகிறேன். சத்தியமாக.

ஹார்ம்


நொயன்டைக், 12 நவம்பர் 1961

ஹார்ம்,

உன் கடிதம் நேற்று, அடக்கம் முடிந்து எல்லாரும் வெண்ணெய் கேக்கும் காப்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. புதன்கிழமை, அவர் போய்விட்டார் என்று நான் கொடுத்த இரண்டாவது தந்தியையும் நீ நம்பவில்லை போலிருக்கிறது. உன்னைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அவருடைய வார்த்தையிலேயே கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன்.

நீ வைக்கோல் விஷயத்தைச் சொன்ன கடிதம் திங்கட்கிழமை காலையில் வந்தது. படித்துவிட்டு உன்னைத் திட்டாத திட்டில்லை. பதினான்காம் தேதியே சொல்லியிருந்தால் பழத்தைக் கிடத்திவைத்து அக்டோபர் கடைசியிலேயே அவருக்குக் கொடுத்திருப்பேன். திட்டிக்கொண்டே வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஆல்மாவிடம் ஓடினேன். அவள் கிறிஸ்துமஸ் கேக்குக்கென்று ஒரு கூடை போஸ்கோப்பைப் பரணில் கிடத்தி வைத்திருந்தாள். நாலு வாரமாக. நம் வீட்டிலிருந்து கத்தினால் கேட்கிற தூரத்தில். தொட்டுப் பார்த்தேன், கையில் எண்ணெய்ப்பசை ஒட்டியது. மத்தியானத்துக்குள் செய்து, ஆறவைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் விழுங்காமல் இருந்தார். இதுவும் போச்சு என்று நினைத்தேன். விழுங்கினார். இன்னும் கொடு என்று வாயைத் திறந்தார். ஐந்து ஸ்பூன் உள்ளே போயிற்று, ஹார்ம். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் வந்துட்டானா?" என்று கேட்டார்.

இதை அம்மாவுக்கப்புறம் நீ ஒருவன்தான் செய்ய முடியும் என்பது அவர் கணக்கு. நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வந்துட்டான்பா. அடுப்படியில இருக்கான்" என்று சொல்லிவிட்டேன். உடனே தந்தி கொடுத்தால் புதன் காலைக்குள் நீ வந்துவிடுவாய், என் பொய் நிஜமாகிவிடும் என்று நினைத்தேன்.

"அவளுக்கு வராதவன் எனக்கு வந்திருக்கான்" என்றார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருக்கும்போது எனக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

"உள்ள வரச் சொல்லு" என்றார். வேலையாக இருக்கிறான் என்றேன். "கோவமா இருக்கானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்ன நிஜம். "இருக்கட்டும். அவசரப்படுத்தாத. வேலைய முடிச்சிட்டு வரட்டும், நான் எங்க போகப்போறேன்" என்றார்.

அதற்கப்புறம் நான் அடுப்படிக்குப் போய் நீ இருப்பதுபோல் பாத்திரம் உருட்டினேன். உன்னைப்போல் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தேன். மூடியைத் தட்டினேன், சல்லடையைத் தேய்த்தேன். திங்கள் மத்தியானம், செவ்வாய் முழுக்க, புதன் காலை. ஒவ்வொரு ரயில் நேரத்துக்கும் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உருட்டுவேன். நான் நிறுத்தினால் அவர் கூப்பிடுவார்: "என்ன சத்தத்தக் காணோம், போயிட்டானா?" இல்லைப்பா, ஜாடி நிரப்புகிறான் என்பேன். அவருக்கு அது போதும். மூன்று வேளையும் சாப்பிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பார்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் இருக்கும். சல்லடையில் ஒன்றுமே இல்லை, வெறும் கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிடாமல் ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று திடீரென்று தோன்றியது. உள்ளே போனேன். போய்விட்டிருந்தார். முகம் சுவர்ப்பக்கம் இல்லை, அடுப்படிக் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

அம்மாவின் கடைசி மூச்சின்போது நீ பக்கத்தில் இல்லை. அப்பாவின் கடைசி மூச்சின்போது நான் பக்கத்தில் இல்லை. நான் அடுப்படியில் நீயாக இருந்தேன்.

மெட்டா